லேத் பட்டறையில் நிமிர்ந்த கைப்பிடி

பழைய இரும்புக் கடையில் வாங்கிய மேசை அச்சு இயந்திரத்துக்கு நான் மூன்று மாதமாகத் துரு எடுத்துக்கொண்டிருப்பது இந்தக் குழுவில் உங்களுக்குத் தெரியும். வளைந்த கைப்பிடி மட்டும்தான் பாக்கி. அதை அமுக்கினால்தான் அச்சு விழும்.

இன்று காலை துறைமுகச் சாலையில் இருக்கும் லேத் பட்டறைக்கு அதைக் கொண்டுபோனேன்.

பட்டறை அண்ணாச்சி கையில் வாங்கியதும், “அச்சு மெசினா?” என்றார். வலது கையை விரித்துக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை.

“நான் காயிதம் வைப்பேன், என் தம்பி அமுக்குவான். ஒருநா ஒரு நொடி முந்திட்டான். விரலு போனத நான் மறந்துட்டேன். அவன்தான் இன்னைக்கு வரைக்கும் என் மொகத்தப் பாக்க மாட்டேங்கான்.”

“வேற பட்டறைக்குக் கொண்டுபோறேன் அண்ணாச்சி” என்றேன்.

“எதுக்கு? இங்கன உக்காருங்க.”

அரை மணி நேரத்தில் நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, “வீட்ல யாரு காயிதம் வைக்கப் போறா?” என்று கேட்டார்.

“எம் மவ.”



வீட்டுக்கு வந்தால் மகள் மையும் அட்டையுமாக உட்கார்ந்திருக்கிறாள். “நான் வைக்கேன், நீங்க அமுக்குங்கப்பா” என்கிறாள்.

கைப்பிடி இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிவிட்டேன். அது ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடக்கிறது.

நாளைக்குச் சொல்ல இதைவிட நல்ல பொய் யாரிடமாவது இருக்கிறதா?