பிளிமத்துக்குள் இருந்த இன்ஜின்

முருகையன் பாதி ஆயுளை அடுத்தவர்களின் டாக்சியை ஓட்டியே கழித்தவர். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசையில் 1995இல் அவர் வாங்கி வந்தது, வேலூரில் ஒரு ரைஸ்மில் கொட்டகைக்குள் தூசி படிந்து கிடந்த பழைய பிளிமத் கார். கல்யாண ஊர்வலத்துக்கு விட்டால் நல்ல கிராக்கி இருக்கும் என்று நம்பினார். அதற்காக அடி அண்ணாமலையில் நிலக்கடலை விளைந்த பூர்வீக நிலத்தில் தன் பங்கை விற்றுவிட்டார்.

"மல்லாட்ட வெளஞ்ச நெலத்தக் குடுத்துட்டு தகரத்த ஓட்டிக்கினு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி ராஜம்மாள். ஆனாலும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது அவள்தான்.

காரின் பழைய பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு யாரோ டீசல் இன்ஜின் பொருத்தியிருந்தார்கள். எந்த வண்டியின் இன்ஜின் என்று விற்றவருக்கே தெரியவில்லை. "ஓடுதில்ல, அப்புறம் இன்னா?" என்றார். இன்ஜின் முழுக்கப் பச்சைப் பெயிண்ட். நம்பர் இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. பழைய சாமான், தேய்ந்திருக்கும் என்று முருகையன் விட்டுவிட்டார்.

அடுத்த முகூர்த்த மாதத்திலேயே ஒரு ஊர்வலத்தின் நடுவில் வண்டி கொதித்து நின்றது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, காரைக் கயிறு கட்டி போளூர் சாலையில் காசியின் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். காசி அவருக்குப் பழைய சிநேகிதர். திறந்து பார்த்ததில், இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் வைக்கும் ஹெட் கேஸ்கெட் தகடு எரிந்திருந்தது. புதிது போடலாம்தான், ஆனால் எந்த இன்ஜினுக்கென்று கடையில் கேட்பது? வேன் கேஸ்கெட் வாங்கி வைத்துப் பார்த்தார்கள், ஓட்டைகள் ஒத்துப்போகவில்லை. டிராக்டருடையதும் சேரவில்லை. கடைசியில் பொருந்தியது ஜீப்புடையது.

"மலைக்கு ஓடுற ஜீப்போட இன்ஜின்டா இது. இதக் கொண்டாந்து கல்யாண கார்ல வெச்சிருக்கானுங்க!" என்று காசி சிரித்தார்.

நம்பர் எங்காவது தெரிகிறதா பார்க்கலாம் என்று டீசலில் நனைத்த துணியால் பக்கவாட்டைத் தேய்த்துப் பெயிண்டைச் சுரண்டினார். நம்பர் கிடைக்கவில்லை. பச்சைக்குக் கீழே வெடிப்பை அடைக்கக் கோணலாக வைத்த ஒரு பித்தளைப் பற்று தெரிந்தது. காசியின் கை நின்றுவிட்டது.

"இன்னாடா?"

"இது நான் வெச்ச பித்தளப் பத்து. இங்க வெடிப்பு விட்டுச்சி. பக்கத்துல போல்ட்டு மரை தேஞ்சி, பெரிய போல்ட்டா மாத்திப் போட்டேன். பாரு, அதுவும் இருக்குது."

"யாரு வண்டிக்கு?"

"ராஜேந்திரன் வண்டிக்கு."

ராஜேந்திரன் முருகையனோடு ஒரே டாக்சி ஸ்டாண்டில் ஜீப் வைத்திருந்தவன். நாலு வருஷத்துக்கு முன் மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை, ஜீப்பும் வரவில்லை. வண்டியை விற்றுவிட்டு எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. அவன் மனைவி தனம், வேங்கிக்காலில் மகளோடு இருந்துகொண்டு, ஒரு லாட்ஜில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இன்னும் இருந்தது.

"பெயிண்ட்ட அடிச்சி மூடிடறேன், எடுத்துக்கினு போ" என்றார் காசி. "போலீசு, கோர்ட்டுனு உன்னத்தான் அலைய வுடுவானுங்க. நெலமும் போச்சி, வண்டியும் போயிடும்."

முருகையன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தார், வாய்க்குப் போகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் ராஜம்மாள் அழுதாள். "தனத்துக்குச் சொல்லாம நாம எப்படிங்க அந்த வண்டியில கல்யாணப் பொண்ண ஏத்தறது?" என்றாள்.

மறுநாள் லாட்ஜ் சமையற்கட்டில் தனம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். முருகையன் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"இன்ஜின் மட்டுமா கெடச்சிது?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரோடு பட்டறைக்கு வந்தாள். பித்தளைப் பற்றின் மேல் கையை வைத்தாள். கை எண்ணெயானது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ஸ்டேஷனுக்குப் போலாம்ணே" என்றாள்.

காசி பயந்தபடியேதான் நடந்தது. விசாரணை என்று முருகையனைப் பல நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். காரைக் கைப்பற்றி ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்தினார்கள். ரைஸ்மில்காரரைப் பிடித்து, அவருக்கு விற்றவனைப் பிடித்து, பழைய இரும்புக்காரன் ஒருவனிடம் போனதில், கடைசியில் அந்த மூன்று பேரில் ஒருவன் சிக்கினான். ஜீப்புக்காகத்தான் கொன்றோம் என்றான். மலைப்பாதை ஓரத்துப் பாழுங்கிணற்றைக் காட்டினான். உள்ளிருந்து எடுத்த எலும்புகளை ஒரு வெள்ளைத் துணியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். பெல்ட்டின் பக்கிளை வைத்துத் தனம் அடையாளம் சொன்னாள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போய் 2002இல்தான் தீர்ப்பானது. அவனுக்கும் பின்னால் பிடிபட்ட இன்னொருவனுக்கும் ஆயுள் தண்டனை. மூன்றாமவன் அதற்குள் செத்திருந்தான். மழையிலும் வெயிலிலும் நின்ற பிளிமத்தின் அடித்தகடு உதிர்ந்து போயிருந்தது. கோர்ட் அதைத் திருப்பிக் கொடுத்தபோது முருகையன் எடைக்குப் போட்டார். அதற்கு வெகு நாள் முன்பே அவர் பழையபடி அடுத்தவர் டாக்சிக்குத் திரும்பியிருந்தார்.

தீர்ப்பு நாளில் கோர்ட் வாசலில் தனம் தனியாக நின்றிருந்தாள். முருகையன் பக்கத்தில் போய், "இனிமே ஊரு ஒண்ணும் பேசாதும்மா" என்றார்.

"பேசாது" என்றாள் அவள். "ஓடிப் போயிட்டாருனு சொன்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் சண்ட போட்டிருக்கேன்ணே. ஆனா சாமி கும்புடறப்போ, அது நெசமாவே இருக்கட்டும்னுதான் வேண்டிப்பேன். எவகூடயாவது உசுரோட இருந்தா போதும்னு."

முருகையன் முதலாளியின் அம்பாசிடரின் பின்கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முருகையன் வண்டியை வேங்கிக்காலுக்கு விட்டார்.