தலைதீபாவளியும் ரேஸ் காரும்

கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்பு சூப்பர் கார் ஒட்டியிருந்தது. நானும் அக்காவும் ஒட்டிய படம். தொண்ணூறுகளின் கடைசியில் கேபிள் டிவி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்குக் கார் பந்தயம்தான். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு அந்த இரைச்சல் ஆகாது. "ஃபேக்டரில கேக்குறது பத்தலையா?" என்று சவுண்டைக் குறைப்பார். நாங்கள் ஏற்றுவோம்.

அக்காவுக்குக் கல்யாணமாகி வந்த தலைதீபாவளி அது. எங்கள் ஜனங்களுக்கு அன்று மாப்பிள்ளைதான் சாமி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, நாங்கள் எடுத்துக் கொடுத்த வேட்டி சட்டையில் அவர் வந்து உட்கார்ந்துவிட்டால், என்ன சொன்னாலும் வீட்டில் மறுபேச்சு கூடாது. பாயசம் கசக்கிறது என்றாலும் ஆமாம் போட வேண்டும். அம்மா முந்தின நாளே எனக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்தாள்.

அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து ஊரான ஔந்தில் ஒரு கார் ஷோரூமில் விற்பனையாளர். சாப்பாட்டின் நடுவே சுவரைப் பார்த்தார்.

"இதான் வண்டி. இதுக்கு முன்னாடி உங்க ரேஸ் காருங்கல்லாம் டப்பா. பவரு, ஸ்பீடு, எதுலயும் நிக்காது."

"ஆமாங்க மாப்ள," என்றார் அப்பா. ஸ்கூட்டரைத் தவிர வேறு வண்டி அறியாதவர்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் பேசியது அக்கா. வடை பரிமாறிக்கொண்டே, சிரித்தபடி சொன்னாள்.

"நேர் ரோட்டுல விட்டா இது முந்தினாலும் முந்துங்க. வளைவு வந்துச்சுன்னா ரேஸ் கார்தான். வெயிட்டு பாதிதான், இஞ்சின் பவரு ஜாஸ்தி. அதோட பின்னாடி இருக்குற ரெக்கை வேற, காத்துல வண்டிய ரோட்டோட அமுக்கிப் புடிச்சுக்கும்."

பழைய ஞாயிற்றுக்கிழமை மாதிரியே பேசினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாமா எழுந்து எச்சில் கையாலேயே அவளை அறைந்தார். வடைத் தட்டு பறந்தது. "எனக்கே கார் சொல்லித் தர்றியா?" என்று முடியைப் பிடித்து, அந்தப் படத்தின் மேல் அவள் நெற்றியை மோதினார். மறுபடியும் மோதினார். பக்கத்திலிருந்த சாமி படம் விழுந்து கண்ணாடி சிதறியது. நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். புருவம் கிழிந்து, புது வேட்டியில் ரத்தம் கொட்டியது. இன்னொரு முறை ஓங்கினேன். அப்பா என் கையை முறுக்கிச் சொம்பைப் பிடுங்கினார். மாமாவைத் தடுக்கவில்லை, என்னைத்தான் பிடித்தார்.

"மன்னிச்சிருங்க மாப்ள, சின்னப் பொண்ணு," என்று அப்பா தன் துண்டால் அந்த ரத்தத்தை ஒற்றினார்.

"அவ என் கால்ல விழட்டும். இல்லன்னா உங்க பொண்ண நீங்களே வெச்சுக்குங்க," என்றார் மாமா.

அப்பா என் பிடரியைப் பிடித்து அழுத்தினார்.

"அவ விழ வேணாம்பா," என்றாள் அக்கா. ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். தோளுக்குக் கீழே வரிசையாகச் சூட்டுத் தழும்புகள்.

வெளியே பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தார் அதற்குள் வாசலில் கூடிவிட்டார்கள். அம்மா ஓடிவந்து ரவிக்கைக் கையைக் கீழே இழுத்து மூடினாள். "எல்லாரும் பாக்குறாங்கடி!" அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அக்கா அம்மாவையே பார்த்தாள். பிறகு உள் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மாமா கதவை உதைத்தார். "தொறம்மா, மானம் போவுது!" என்று அப்பாவும் சேர்ந்து இடித்தார். நான் நடுவில் புகுந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

அடுத்த உதை என் இடுப்பில் விழுந்தது. அது அப்பாவின் கால். நான் நகரவில்லை, அக்கா திறக்கவில்லை. மாமா தனியாகத்தான் போனார்.