வண்டிக்கு அடியில் ஓர் அட்டை

டீச்சரம்மா ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இருபத்தாறு வருஷம், ஒரே கார். கிளட்சைச் சட்டென்று விட்டு அதன் உயிரை வாங்கியவர்களில் டாக்டரும் உண்டு, கல்யாணப் பெண்ணும் உண்டு. “வண்டி குலுங்கினா குலுங்கட்டும், நீங்க குலுங்காதீங்க” என்பதுதான் அவருடைய முதல் பாடம்.

ஓட்டுவது அவர் பொறுப்பு, பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அந்த மனிதருக்கு ஒரு கிறுக்கு. வண்டியை நிறுத்தியதும் அடியில் ஓர் அட்டையை விரித்துவிடுவார். காலையில் எங்கே எத்தனை சொட்டு என்று குனிந்து பார்த்து, பின்பக்கம் ஏதாவது எழுதிவைப்பார். ஞாயிற்றுக்கிழமை புது அட்டை வரும். காருக்குத் தினமும் பரிசோதனை, தன் உடம்புக்கு ஒரு தடவைகூட இல்லை என்று டீச்சரம்மா நொடித்துக்கொள்வார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் காரும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் எஞ்சின் உதறியது, சமயத்தில் அணைந்தே போனது. எஞ்சினுக்குப் பின்பக்கம் எண்ணெய் சொட்டியது. மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, எஞ்சின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸையே இறக்கவேண்டும், அந்தச் செலவுக்கு இந்த வண்டி பெறாது என்று கையை விரித்தார். மகளும் போனில் விற்றுவிடச் சொன்னாள். பழைய இரும்பு வாங்குகிறவர் ஞாயிறு மாலை வருவதாகப் பேச்சு.

அன்று காலை டீச்சரம்மா அடியிலிருந்த அட்டையை இழுத்தார். எட்டு மாதமாக மாற்ற மனம் வராத அட்டை. திருப்பினால் பென்சில் எழுத்து.

“சொட்டு பின்னாடி. கசிவு அங்க இல்ல. எஞ்சின் மேல் மூடியிலேர்ந்து வழியுது. ஞாயிறு பாக்கணும்.”

தரையிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, எஞ்சினைத் துடைத்து, மூடியைச் சுற்றி முகப்பவுடரைத் தூவி வண்டியைக் கிளப்பினார். கால் மணி நேரத்தில் மூடியின் பின்விளிம்பிலிருந்து வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. அந்த எண்ணெயில் ஊறியே, கீழேயிருந்த ரப்பர் காற்றுக்குழாய் கொழகொழத்து வெடித்திருந்தது. வெடிப்பை விரலால் அழுத்தினார், உதறல் நின்றது. எடுத்தார், மறுபடி உதறியது.

மெக்கானிக் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கட்டும் ஒரு சாண் குழாயும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

மாலையில் இரும்புக்காரர் வந்தபோது கார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

“இதையாம்மா இரும்புக்குப் போடச் சொன்னீங்க?”

“பொண்ணு சொன்னா. எங்க வீட்டுக்காரர் வேணாம்னுட்டார்.”

அவர் போனதும் டீச்சரம்மா புது அட்டையை விரித்தார். பழையதில், அந்தப் பென்சில் எழுத்துக்குக் கீழே, ‘பாத்தாச்சு’ என்று எழுதினார்.