இரண்டு வருஷக் கஷாயம்

என் வயிற்றின் உட்புறத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்துக் குழந்தைக்காக டாக்டரிடம் போக ஆரம்பித்தோம். அடுத்த இரண்டு வருஷமும் நான் படுத்தேன், எழுந்தேன், மறுபடி படுத்தேன். மாதவிலக்கின் மூன்றாம் நாள் ஒரு ரத்தப் பரிசோதனை, இருபத்தொன்றாம் நாள் இன்னொன்று. உள்ளே கருவியை விட்டு ஸ்கேன். கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று சாயம் செலுத்தி எக்ஸ்ரே. எல்லாவற்றிலும் ‘நார்மல்’ என்றே வந்தது. கடைசியில் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது.

என் கணவருக்கும் முதல் நாளே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பரிசோதனை. அந்தச் சீட்டு அவர் பர்சிலேயே குடியிருந்தது. கேட்கும்போதெல்லாம் “அடுத்த வாரம் லா” என்று இந்த ஊர்ப் பாணியில் இழுப்பார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது இவருக்காகவே சொன்னது. குழந்தைக்குப் பெயர் தேடுவதில் மட்டும் அவர்தான் முதல் ஆள்.

மார்சிலிங் வட்டார அடுக்குமாடி வீட்டில் எங்களோடு இருக்கும் என் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. கர்ப்பப்பை இருப்பது எனக்கு, ஆகவே குறையும் எனக்கு. தேக்கா நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியைக் காய்ச்சித் தினமும் காலையில் ஒரு டம்ளர் கஷாயம் தருவார். வெள்ளிக்கிழமை தவறாமல் சிராங்கூன் சாலைக் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கஷாயத்தை வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒருநாள் டாக்டரம்மா பொறுமை இழந்து, ஒரு தாளில் இரண்டு படம் வரைந்தார். பெண்ணுக்கு எல்லாம் உள்ளே இருப்பதால் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். ஆணின் விதைகள் வெளியே இருப்பதே உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும் என்பதற்குத்தான். பெண் பிறக்கும்போதே தன் முட்டைகளோடு பிறந்துவிடுகிறாள். ஆணுக்கு விந்தணு தினமும் உற்பத்தியாகிறது, ஆனால் ஒரு அணு தயாராக இரண்டரை மாதம் போல ஆகும். நான் என் கணவரைப் பார்த்தேன். தினமும் புதுச் சரக்கு இறங்குகிற கடை, இரண்டு வருஷமாக ஒரு ஸ்டாக் செக் கூட இல்லை.

ஒருவழியாகச் சம்மதித்தார். கிளினிக்கில் அதற்கென்று தனி அறை உண்டு, ஆனால் அங்கே கூச்சமாம். வீட்டிலேயே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் டோபி காட் கிளினிக்குக்குக் கொண்டு போக வேண்டும், உடம்புச் சூடு குறையக் கூடாது. சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் நின்றார். ஏசிக் குளிரிலும் முகம் வியர்த்திருந்தது. அதைப் பார்த்த ஒரு சீனத் தாத்தா நெஞ்சு வலி என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். கர்ப்பிணி படம் ஒட்டிய இருக்கை. இவர் மறுக்கவும் முடியாமல் அதில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அந்த இரண்டு வருஷத்தில் நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

ரிப்போர்ட் வந்தபோது சிரிப்பு போய்விட்டது. எண்ணிக்கை குறைவு, வேகமும் போதாது. சிகரெட்டை விடுங்கள், லேப்டாப்பை மடியில் வைக்காதீர்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம், கதவு மூடிவிடவில்லை என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் இவர் மெதுவாகச் சொன்னார்.

“அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாமே.”

“அப்ப கஷாயத்த யார் குடிக்கிறது?”

நானாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் இதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். மேலும் மூன்று வாரம் குடித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் அவரை மனதுக்குள் திட்டினேன். அவர் தலையைக் குனிந்தபடி ரொட்டிக்குத் தேங்காய்ப்பால் காயா ஜாம் தடவிக்கொண்டிருப்பார்.

நான்காவது வெள்ளிக்கிழமை எங்களோடு அவரும் கோயிலுக்கு வந்தார். மாமியார் அர்ச்சனைச் சீட்டை நீட்டினார். குருக்களுக்கு என் நட்சத்திரம் மனப்பாடம்.

“ரோகிணிதானே?”

“இல்ல சாமி, சுவாதி. எனக்குப் பண்ணுங்க” என்றார் என் கணவர்.

“உனக்கு எதுக்குடா?” என்றார் மாமியார்.

“டெஸ்ட் பண்ணிட்டாங்கம்மா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கவுண்ட் கம்மி.”

தெளிவாகத்தான் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியும். எனக்கு அழுகை வந்தது. இதைச் சொல்ல இத்தனை நாளா என்று கோபமும் கூடவே வந்தது. குருக்கள் ஒன்றும் கேட்காமல் சுவாதி நட்சத்திரத்துக்கு மந்திரம் சொன்னார்.

மறுநாள் காலை கஷாய டம்ளர் என் கணவர் முன்னால் இருந்தது. ஒரே மடக்கு வாயில் விட்டவர் துப்பக் கழுவும் தொட்டிக்கு ஓடினார்.

“கஷாயம்தானே, என்னமா நடிக்கிறான்” என்று மாமியார் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அவர் முகம் கோணியது. விழுங்க முடியாமல் விழுங்கினார். இரண்டு வருஷமாகக் காய்ச்சியவர் அதைச் சுவைத்தது அன்றுதான் முதல் முறை.

“தெனம் இதையா குடிச்ச?”

“ஆமா அத்தை.”

“கசக்குதுன்னு ஒரு நாள்கூடச் சொல்லலியேம்மா.”

“சொல்லியிருந்தா, உனக்குப் புள்ள வேணாமான்னு கேட்டிருப்பீங்க.”

மாமியார் மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினார். டம்ளரைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவினார். பிறகு அதே டம்ளரில் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக.