வரிச்சலுகைக் கட்டடத்தில் பஸ்மியா

‘ஏற்றுமதி ஆடைப் பிரிவில் குழுவாக இயங்கும் திறன்மிக்க இயந்திர இயக்குநர்’ என்று பஸ்மியாவைப் பற்றிக் கம்பனி அரசாங்கத்துக்கு அறிவித்திருந்தது. அவளுக்குத் தைக்கத் தெரியாது. குழுவாக இயங்குவதற்கு அந்தக் கட்டடத்தில் இன்னொரு மனிதரும் கிடையாது.

திருகோணமலையில் வேலையில்லாதவர்கள் அதிகம் என்பதால், இங்கே வேலை கொடுக்கிற கம்பனிகளுக்குச் சில வருடங்கள் வரியில்லை என்றது அரசாங்கம். கம்பனி உடனே வந்தது. துறைமுகத்தைப் பார்த்தபடி கட்டடம் எழுப்பியது, மெஷின்களை இறக்கியது, கதிரைகளைப் போட்டது, வரி கட்டாமல் இருந்தது. வேலையில்லாதவர்களில் ஒருத்தி குறைந்தாள்.

பஸ்மியா கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். கூட்டுவாள், மெஷின்களில் தூசு தட்டுவாள். பகல் சோற்றை ஒவ்வொரு நாளும் வேறொரு கதிரையில் இருந்து சாப்பிடுவாள். ஒரே கதிரையில் இருந்தால்தான் தனியாகச் சாப்பிடுவதுபோல இருக்குமாம். ஜன்னலுக்கு வெளியே, நங்கூரம் போட்ட கப்பல்களில் ஆட்கள் நடமாடுவது தெரியும். ஒன்றிரண்டு தடவை கையைக் காட்டியும் பார்த்தாள். கட்டாரில் வேலை செய்யும் புருஷன் போன் எடுத்து, “இண்டைக்கு என்ன புதினம்?” என்பான். அவளிடம் ஒரு புதினமும் இருக்காது.

ஒருநாள் மனேஜர் இராகுலன் வந்தார்.

“நாளைக்கு இங்க ஆக்கள் வேலை செய்யினமோ எண்டு பார்க்க அரசாங்கத்தில இருந்து ஒரு மிஸ் வாறா. குச்சவெளியில இருந்து பஸ் நிறையப் பெண்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறன். ரெண்டு வருசமா உங்களோட வேலை செய்யிற ஆக்கள். விளங்குதோ?”

“ஓம் சேர்.”

“வாயைத் திறக்காதேங்கோ. சலுகை போனால் உங்கட சம்பளமும் போச்சு.”

மறுநாள் மண்டபம் நிறைந்தது. எண்ணெய் தேய்த்த தலைகள், வளையல் சத்தம். “என்னடி, மெஷின் கடிக்குமெண்டு பயமா?” என்று எங்கோ ஒரு சிரிப்பு. பக்கத்துக் கதிரையில் சனூஸா என்றொருத்தி வந்து, “கொஞ்சம் அரக்குங்க ராத்தா” என்று, சொந்த அக்காவைத் தள்ளியிருக்கச் சொல்வதுபோல உரிமையோடு இருந்தாள்.

பக்கத்தில் இருப்பவரிடம் ஊரும் பெற்றோரும் கேட்காமலிருப்பது எங்கள் பக்கத்தில் நல்ல வளர்ப்பில் சேராது. பார்க்க வந்த அதிகாரி இரண்டு வரிசை கடந்து வரும்வரை பஸ்மியா பொறுத்தாள். அதற்குமேல் ஏலாமல் போயிற்று.

“எந்த ஊரு மகள்? ஆர்ர புள்ள நீங்க?”

பின்னால் நடந்துகொண்டிருந்த அதிகாரி நின்றாள்.

“ராத்தா பகிடி விடுறா மிஸ்!” என்றாள் சனூஸா. இராகுலன் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

“இவவை உங்களுக்குத் தெரியுமா?”

ஒரு ‘ஓம்’ போதும். சம்பளம் வரும், பின்னேரம் இத்தனை பேரும் பஸ் ஏறிவிடுவார்கள், நாளைக்கு எந்தக் கதிரை என்று அவள் யோசிக்க வேண்டும்.

“இல்ல மிஸ். இண்டைக்குத்தான் கண்டனான். மத்த நாளெல்லாம் நான் மட்டும்தான்.”

சொல்லிவிட்டு, சனூஸா பக்கம் திரும்பி, மறுபடியும் ஊரைக் கேட்டாள்.