கண்ணை மூடாத ஜெபம்

நர்ஸ் என் மகனுக்குக் கட்டு மாற்றப் புது பேண்டேஜைப் பிரித்ததும் அப்பாவின் சட்டை வாசனை அடித்தது.

ராஜபாளையத்தில் அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தார். தம்பி காய்ச்சலில் இறந்த பிறகும் ஞாயிறு தவறாமல் அதே வாசனையோடு சர்ச்சில் என் பக்கத்தில் நிற்பார். எல்லோரும் கண்மூடி ஜெபிக்கையில் அவர் மட்டும் பீடத்துச் சிலுவையை முறைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன்.

“ஏம்ப்பா கண்ண மூடல?”

“மூஞ்சியப் பாத்துல்லா கேக்கணும்ட்டி, எம்புள்ளைய ஏன் எடுத்தீருன்னு.”

“சொன்னாராப்பா?”

“இல்லட்டி. அடுத்த வாரமும் வந்து கேப்போம்.”

சாகும்வரை போனார். பதில் வந்ததாகச் சொன்னதே இல்லை.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். போதகர் மகனின் தலையில் கைவைத்து, கண்களை மூடி ஜெபிப்போம் என்கிறார். நான் மூடவில்லை. எதிரே வெறும் சுவர்தான் தெரிகிறது. அதைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.