மூடக்கூடாத அகப்பக்கம்

நகராண்மைக் கழகத்தின் லைசன்ஸ் பிரிவிலிருந்து ஓய்வு பெறுபவனுக்கு இரண்டே வழி. கோயில் கமிட்டியில் சேரலாம், அல்லது கம்ப்யூட்டர் வாங்கலாம். கோயில் கமிட்டிகளின் விண்ணப்பங்களைக் காலமெல்லாம் படித்தவன் என்பதால் நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். தொண்ணூறுகளின் கடைசி அது. வெப்சைட், பத்திரிகைத் தமிழில் அகப்பக்கம், செய்யக் கற்றுக்கொண்டதாக ஒருநாள் வாய்விட்டேன். பிரிக்பீல்ட்ஸில் கல்யாண மணவறைகளை வாடகைக்கு விடும் நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு அவசரம் இருந்தது. கிள்ளானில் ஒரு பெரிய கல்யாணம். நகரில் ஏசி ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனிக்கும் இவருக்கும் போட்டி. பெண்ணின் அப்பா வெள்ளிக்கிழமை போன் செய்து முடிவு சொல்வதாகப் பேச்சு. அந்த ஆர்டர் போனால், ஆசைப்பட்டுப் புதிதாகச் செய்த மயில் மணவறை ஸ்டோரிலேயே கிடக்கும்.

"அவங்ககிட்ட வெப்சைட் இருக்கு சார். நமக்கும் வேணும்லா. வெள்ளிக்கிழமைக்குள்ள."

எதையும் முறைப்படி செய்வது என் வழக்கம். அவர் கொடுத்த கல்யாணப் படங்களில் இருக்கும் மணமக்களிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கச் சொன்னேன்.

"அதுல பாதிப் பேரு இப்ப ஒண்ணாவே இல்ல சார்" என்றார் அவர் மனைவி.

ஆகவே ஆளில்லாத மணவறைகளை மட்டும் போட்டோம். மேலே பிள்ளையார், இருபுறமும் மின்னும் குத்துவிளக்கு. விளக்கு அணைந்து அணைந்து எரிவது ஆகாது என்று அந்த அம்மா தடுத்ததால், ஆடினாலும் அணையாத சுடர் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் எனக்குக் கண் பூத்துவிட்டது. வருகையாளர் எண்ணிக்கையும் சுழியத்தில் தொடங்கக் கூடாதாம். மொய் மாதிரி நூற்றொன்றில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரத்தில் திறப்பு விழா. கடைக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரின் மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். மௌஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வந்த நண்பரைத் தடுத்து, பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கடையின் ஒரே போன் ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் செருகியதும் மோடம் கதறியது. திரையில் பிள்ளையார் கிரீடத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்தார். தும்பிக்கை தெரிந்ததும் தேங்காய் உடைத்தார்கள். லைனைத் துண்டித்து ஒயரை மறுபடி போனில் மாட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மதியம் கடைக்குப் போன் அடித்தேன். எங்கேஜ்ட். சாயங்காலமும் எங்கேஜ்ட். பதறிக்கொண்டு ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பிள்ளையார் அப்படியே வீற்றிருந்தார்.

"இன்னுமா லைன வெட்டல?"

"நல்ல நேரம் பாத்துத் தொறந்துட்டு அன்னிக்கே மூடலாமா சார்? கடை தொறந்திருந்தாத்தானே ஆளுங்க உள்ள வருவாங்க?"

"இங்க மூடினாலும் மத்தவங்க கம்ப்யூட்டர்ல பக்கம் தெரியும். தொறந்து வச்சா போன்தான் வராது. கிள்ளான்காரர் காலையிலேருந்து அடிச்சிருப்பாரே!"

அவர் முகம் வெளுத்தது.

"மயில நம்ம ஹால்ல கொண்டாந்து போட்டு, நீங்களே உக்காந்துக்குங்க" என்றார் மனைவி.

அப்போதுதான் வாசலில் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். கிள்ளான் பெண்ணின் அப்பா. ரயிலேறி வந்திருந்தார்.

"என்ன பாஸ், காலையிலேருந்து அடிக்கிறேன், லைனே கெடைக்கல!"

நண்பர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். வந்தவர் விடவில்லை.

"அந்தக் கம்பெனிக்கு அடிச்சா மொத மணியிலேயே எடுக்குறான். வேலவெட்டி இல்லாதவன் போலருக்கு. இங்க இவ்ளோ ஆர்டர் வருதே, எம்மக தேதிய வேற எவனாச்சும் புடிச்சிருவான்னு ஓடி வந்தேன்."

மயில் மணவறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்பணம் கொடுத்தார். போகும்போது பிள்ளையாரைப் பார்த்து, "புது டிவியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வருகையாளர் எண்ணிக்கை நூற்றிரண்டில் நின்றது. அந்த ஒரு வருகையாளர் நாங்கள்தான்.

"பாத்தீங்களா சார், வெப்சைட் வேல செஞ்சிருச்சு!" என்றார் நண்பர்.

விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் மனைவி தேங்காய் மூடியும் வாழைப்பழமும் வைத்த தட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டு வாழைப்பழத்தை உரித்தேன்.

அதன்பிறகு ஆர்டர் குறையும்போதெல்லாம் அவர் போன் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளையாரைத் திறந்து வைத்துவிடுவார். அவசரமாக அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் நான் பஸ் ஏறித்தான் போக வேண்டியிருந்தது.